கிமோனோவுக்கு இடக்கட்டு

குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் நான் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த காலம். ஜப்பான் சுற்றுலாவுக்கு ஒரு போஸ்டர் அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. வெளியிலிருந்து ஆள் பிடிக்க மனசில்லை. ஆபீஸில் தொப்பை இல்லாதவன் நான் ஒருத்தன்தான் என்பதால், கிமோனோ என்கிற ஜப்பான் அங்கியை உடுத்தி நிற்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது லீவுதான் உயிர். இரண்டாவது மகள் பிறந்து ஏழு மாதம், இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு பேப்பர் மேனேஜர் மேசையில் கிடந்தது. கிமோனோ கொடுத்த அம்மா படத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்து என்றார். அந்த ஜப்பான்கார அம்மா எங்கள் வாடிக்கையாளர். அவருடைய அப்பா உடுத்திய கிமோனோ அது. படம் எடுத்த மறுநாள் சாயங்காலம் ஏர்போர்ட் போகிற வழியில் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

படம் எடுத்தது எங்கள் டிரைவர். பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தான். நான் கீழக்கரை. அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மாப்பிள்ளை. எந்த வழியில் உறவு என்று இருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

விரித்துப் பார்த்தால் பட்டன் இல்லை, கொக்கி இல்லை. கணுக்கால் வரைக்கும் பட்டு, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. வயது வந்த நாளிலிருந்து கைலி கட்டுகிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? அவர்கள் கொடுத்த துணிப் பட்டையை நம்பாமல் உள்ளே என்னுடைய பச்சை பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் முஸ்லிம்கள் வேட்டி முனையை இடப்பக்கம் விடுவோம், டிரைவர் மாதிரி இந்துக்கள் வலப்பக்கம். தூரத்தில் வருகிறவர் யார் வீட்டு ஆள் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். நான் என் வழக்கப்படி வலது மடிப்பை மேலே போட்டு இடப்பக்கம் முடித்தேன்.

"மாமா, எடக்கட்டா போயிருச்சு. பெரட்டிக் கட்டுங்க."

"எங்கத்தா இப்படித்தான் கட்டுனாரு. ஒன்னய மாதிரி கட்டிக்கிட்டு நான் வெளிய தலை காட்டவா?"

"ஜப்பான்காரன் ஒங்கத்தாவுக்கு என்ன மச்சானா?"

படம் பிரமாதமாக வந்திருந்தது. மறுநாள் அந்த அம்மா வந்தார். கணவர் கீழே காரில் காத்திருந்தார். மடித்து வைத்த கிமோனோவை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தார். வாயைப் பொத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மெல்ல விசாரித்தார்.

விஷயம் இதுதான். உயிரோடு இருப்பவர்கள் இடது மடிப்பைத்தான் மேலே போடுவார்களாம். வலது மடிப்பு மேலே வருவது ஒரே ஒரு நாள்தானாம். அன்றைக்கு உடுத்துகிறவர் நிற்க மாட்டார், படுத்திருப்பார். நானோ அடக்கத்துக்குத் தயாரான மையித்துக் கோலத்தில், இடுப்பில் கை வைத்து, கம்ப்யூட்டரில் சேர்த்த ஃபூஜி மலை முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மேனேஜர் என் லீவு பேப்பரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். மறுபடி படம் எடுக்க நேரமில்லை, கீழே காரிலிருந்து ஹாரன் கேட்டது. ஒரு வெற்றிச் சிரிப்போடு நின்றிருந்த டிரைவர், என் முகத்தைப் பார்த்ததும் மனசு இறங்கினான்.

"ஆம்புலன்ஸ்ல எழுத்தத் திருப்பித்தான மாமா எழுதுறான். கண்ணாடில பாத்தா நேரா வந்துருதுல்ல. இதையும் அப்படித் திருப்பி விடுங்களேன்."

கம்ப்யூட்டரில் ஒரு பட்டன்தான். தட்டினேன். மலை இந்தப் பக்கம் வந்தது, மடிப்பு அந்தப் பக்கம் போனது. எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மா நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினார். கையெழுத்து விழுந்தது.

ஊருக்கு ஒரு போஸ்டரும் கொண்டுபோனேன். மகள் இரண்டு நாள் என்னிடம் வரவில்லை, போஸ்டரைப் பார்த்து மட்டும் சிரித்தாள். மனைவிதான் நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"மச்சம் எடது கன்னத்துலல்ல இருக்கு. இதுல வலதுல இருக்கே?"

பிரிண்டிங் கோளாறு என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவளிடம் மையித்துக் கோலத்தையா சொல்ல? டிரைவர் போன் பண்ணினால் இன்றைக்கும் அவளிடம் கொடுக்காமல் நானே எடுத்துப் பேசிவிடுகிறேன்.