கிழக்கே பார்த்து நின்ற ஆன்டெனா

வரதன் சார் போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழரை மணிக் கூடலில்தான் எனக்கு வந்தது. பெங்களூரில் பொழுதுபோக்காக ரேடியோவில் பேச உரிமம் வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் நாங்கள் தினமும் அந்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடி, உயிரோடிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வோம். அன்று கூடலை நடத்தியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம மல்லேஸ்வரம் வரதராஜன் சார் நேத்து சாயங்காலம் சைலண்ட் கீ ஆயிட்டார்" என்றார். எங்களில் ஒருவர் இறந்தால் அப்படித்தான் சொல்வோம். அவர் தந்திபோல் தட்டும் மோர்ஸ் சாவி இனி ஒலிக்காது என்று அர்த்தம். ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு குரல் கேட்டது: "தப்பா நினைக்காதீங்க, அவரோட ஆன்டெனா ரொட்டேட்டர் இப்ப யாருக்குப் போகுது?"

அந்தக் குரல் யாருடையது என்று நான் எழுதப் போவதில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் அவருக்கே தெரியும்.

மறுநாள் நம் கிளப் செயலாளர் போன் செய்தார். "சேவியர், அவர் டவரைக் கட்டினதே நீங்கதான். நம்ம பத்திரிகைக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. ஸ்வல்ப சீக்கிரம்" என்றார். உட்கார்ந்து யோசித்தேன். அவர் வீட்டுக் காபி பிரமாதம். நாலு வார்த்தை ஆயிற்று. அந்தப் புகழும் அவர் மனைவி ஜெயம்மாவுக்குத்தான் சேரும். மிச்சத்தையும் எழுதுகிறேன். நல்லதாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. கோலார் தங்கவயலில் பிறந்தவன், ஆஸ்டின் டவுனில் குடியிருப்பவன், தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். 1991இல் உரிமம் வாங்கினேன். உரிமம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டூல் மேல் நின்றாலே தலை சுற்றும். எனக்கு உயரம் பயமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் டவர்களில் ஏறுகிறவன் நானாகிப் போனேன். உங்களில் எத்தனை பேருடைய மொட்டை மாடியை நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன் தெரியுமா? யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பதுகூட எனக்குத் தெரியும்.

வரதன் சார் அப்போது வங்கி மேலாளர், நம் கிளப்பின் செயலாளரும் அவரே. "ஆன்டெனா எவ்வளவு உயரமோ, ஆள் அவ்வளவு உயரம்" என்பது அவருடைய பொன்மொழி. கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார், நீங்களும் கை தட்டுவீர்கள். சொன்ன மனிதர் தம் டவரில் மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. கீழே பிரம்பு நாற்காலி போட்டு, குடை பிடித்து, பைனாகுலரை என் முதுகின் மேல் வைத்துக்கொண்டு வேலை வாங்குவார். "யோவ் சேவியர், பாத்துய்யா, பாத்து!" என்று ஒருநாள் பதறினார். அட, நம் மேல் அக்கறை போலிருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். "கால் கேபிள் மேல படுது" என்றார்.

அறுபது அடி டவர் சாயாமலிருக்க மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கம் கான்கிரீட் போட்டோம். மூன்றாவது பக்கம் அவருக்கு இடமில்லை. "பக்கத்து வீட்டுத் தென்னை மரம் சும்மாதானே நிக்குது" என்றார். மரம் ஆடும் சார் என்றேன். "மரத்தோட அடி ஆடாதுய்யா, பிசிக்ஸ் படிச்சிருக்கேன்" என்றார். அந்த மூன்றாவது கம்பியைக் கட்டும்போது நான் ஊரில் இல்லை. வேறு எவனையோ பிடித்து, அடிமரத்தில் அல்ல, பத்தடி உயரத்தில் கட்டியிருந்தார். மே மாதக் காற்றடித்தபோது தென்னை ஒருபுறம் சாய, டவர் அதன் பின்னாலேயே சாய, இரண்டும் சேர்ந்து ஆட்டம் போட்டன. பக்கத்து வீட்டுக் கௌரம்மா காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏன்ரீ வரதராஜ், நம்ம தெங்கின மரக்கே கட்டித்தீரா? மரம் விழுந்தா உங்க டவர் விழும், டவர் விழுந்தா எங்க வீடு விழும்!" என்று கன்னடமும் தமிழும் கலந்து கத்தினார். பிசிக்ஸ் படித்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொட்டுகிற மழையில் கம்பியை அவிழ்த்து வேலிக்கல்லில் கட்டியவன் இந்த ஃபிட்டர்தான். அடுத்த கூட்டத்தில் "புயலில் டவரைக் காப்பது எப்படி" என்று அவர் அரை மணி நேரம் பேசினார். உங்களுக்கு நினைவிருக்கும். குறிப்பெடுத்துக்கொண்டீர்களே.

பிறகு ரொட்டேட்டர் வந்தது. உச்சியிலிருக்கும் ஆன்டெனாவை வேண்டிய திசைக்குத் திருப்புகிற மோட்டார் அது. ஆன்டெனா பார்க்கிற திசையில்தான் பேச்சு நன்றாகக் கேட்கும். நாங்களெல்லாம் பழைய லாரியின் வைப்பர் மோட்டாரில் சைக்கிள் செயின் மாட்டிச் சமாளித்துக்கொண்டிருந்த காலம். அவருக்கு மட்டும் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என் வைப்பர் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ரொட்டேட்டரா, மாவு கிரைண்டராய்யா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த கிரைண்டர் யார் கையையும் அரைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய ஆன்டெனாவை ரொட்டேட்டர் சுற்றுகிற குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்ப் நழுவிக்கொண்டிருந்தது. கீழே அறையில் ரொட்டேட்டரை இயக்கும் பெட்டியின் முள் ஒரு திசையைக் காட்டும், ஆன்டெனா வேறு திசையைப் பார்க்கும். இரண்டு போல்ட்டை இறுக்கினால் போதும். ஏறுவதற்கு முன் கேட்டேன்: "சார், ரொட்டேட்டர் பெட்டி ஆஃப்தானே?" "ஆஃப்யா, ஏறு" என்றார். ஆள் மேலே இருக்கும்போது கீழே உள்ளவர் செட்டையும் தொடக்கூடாது, பெட்டியையும் தொடக்கூடாது. இது பரீட்சைக்குப் படிக்கிற பாடம் அல்ல, சோறு தின்கிற எவனுக்கும் தெரிகிற விஷயம்.

அன்று பசிபிக் கடலில் யாரும் குடியில்லாத தீவு ஒன்றுக்குச் சில ஹாம்கள் ரேடியோவோடு போயிருந்தார்கள். ஒரு வாரம் இருப்பார்கள், அப்புறம் அந்தத் தீவு எத்தனை வருஷம் ஊமையாகக் கிடக்குமோ தெரியாது. வரதன் சார் சும்மா காது கொடுத்துக் கேட்கலாமே என்று ஹெட்ஃபோனை மாட்டியிருக்கிறார். தீவு மெல்லிசாகக் கேட்டிருக்கிறது. ஆன்டெனாவோ ஐரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். உச்சியில் ஒரு மனிதன் இருப்பதை அவர் மறந்தார். மறந்தாரா, இல்லை ஒரு நிமிடம்தானே என்று நினைத்தாரா என்பதை இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரொட்டேட்டர் மெதுவாகத்தான் சுற்றும். அதுதான் கொடுமை. குழாய் நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். கையை இழுப்பதற்குள் போல்ட்டின் முனைக்கும் டவரின் மேல்தட்டுக்கும் நடுவே வலது கையின் இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன. கத்தினேன். ஹெட்ஃபோன் போட்டவருக்கு எங்கே கேட்கும்? மொட்டை மாடி அறையின் ஜன்னல் வழியாக அவர் குரல்தான் எனக்குக் கேட்டது. "ஃபைவ் நைன், ஃபைவ் நைன், தேங்க் யூ!" உங்கள் ஒலி தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அதற்குப் பொருள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவனிடம் சொன்னார். அறுபது அடி உயரத்தில் இருந்தவன் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

துணி காயப்போட வந்த ஜெயம்மாதான் அண்ணாந்து பார்த்தார். அறைக்குள் ஓடி ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்து, "மேல ஆளு கத்துறான், உங்க காதுல என்ன ஈயமா?" என்று அலறியது எனக்கே கேட்டது. அதன் பிறகுதான் குழாய் கொஞ்சம் பின்னால் சுற்றி விரல்களை விட்டது. ஒற்றைக் கையோடு நான் எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "சேவியர், யாராவது கேட்டா வழுக்கிட்டேன்னு சொல்லிடுய்யா. நான் செயலாளரா இருக்கேன், பாரு" என்றார். வலியில் வாயடைத்திருந்தவனின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மறுநாள் காலைக் கூடலில் அறிவித்துவிட்டார்: "சேவியர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார். கை வழுக்கிடுச்சு. எல்லாரும் பிரார்த்தனை பண்ணுங்க."

அடுத்த கூட்டத்துக்குக் கட்டோடு வந்து, நடந்ததை உங்கள் முன்னால் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "பாவம், வலியில ஏதோ குழம்பியிருக்கார்" என்றார். உங்களில் ஒருவர் எழுந்து, "பெரிய மனுஷன் மேல இப்படிப் பழி போடலாமா சேவியர்?" என்றார். மற்றவர்கள் பிஸ்கட் தின்றீர்கள். மேலாளர் சொன்னால் செய்தி, ஃபிட்டர் சொன்னால் பழி. த்தூ! அதன் பிறகு ஒருவரும் என்னை டவர் ஏறக் கூப்பிடவில்லை. "வழுக்குற ஆளுய்யா" என்று ஒதுக்கிவிட்டீர்கள். விரல் மடங்காமல் போனதற்குக்கூட நான் அழவில்லை. தொழிற்சாலையில் என்னைப் பட்டறையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள், சரி என்று போனேன். மோர்ஸ் சாவியை இடது கையால் தட்டப் பழகினேன். வழுக்கினான் என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை. என் வாழ்நாளில் எந்த டவரிலும் என் கையோ காலோ வழுக்கியதில்லை.

அவர் மாதத்துக்கொரு தடவை ஆப்பிள் பையோடு ஆஸ்டின் டவுனுக்கு வருவார். ரேடியோ அலைகளை ஏற்றி இறக்கும் சூரியப் புள்ளிகளைப் பற்றிப் பேசுவார், என் கையைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார், போய்விடுவார். ஆப்பிளைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடு பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவருடைய ஆன்டெனா கண்ணில் படும். எப்போதும் கிழக்கேதான் பார்த்து நிற்கும். ரொட்டேட்டர் இறுகிவிட்டது என்று உங்களிடம் சொன்னாராம். நான் நம்பவில்லை. தாம் அன்று பிடித்த தீவைப் பார்த்தே நிறுத்தி வைத்துப் பெருமையடிக்கிறார் கிழவர் என்று வயிறெரிந்தேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் ஜெயம்மா கூப்பிட்டு அனுப்பினார். டவரை இறக்க வேண்டும், வேறு யாரையும் ஏற விட மாட்டேன் என்றார். போனேன். காபி கொடுத்தார். பிறகு சமையலறைக்குள் போய், பெருங்காய டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸை எடுத்து வந்து என் முன் வைத்தார்.

"ரொட்டேட்டர் லைனோடது, சேவியர். நீ ஆட்டோ ஏறின உடனே நான்தான் பிடுங்கினேன். அவர் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேக்கல."

"கடையில வேற வாங்கியிருக்கலாமேம்மா."

"வாங்கல. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அவருதான் திருப்பல." ஃபியூஸை விரலால் என் பக்கம் நகர்த்தினார். "அவரே சொல்லுவார், சொல்லுவார்னு காத்திருந்தேன். அவரும் சொல்லல, நானும் வாயத் திறக்கல. என் தப்பும் இருக்குப்பா இதுல."

பிறகு அவருடைய லாக் புத்தகத்தைக் கொடுத்தார். யாரோடு, எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் பேசினோம் என்பதை ஒவ்வொரு ஹாமும் எழுதி வைக்க வேண்டும். அதில் பொய் எழுதுபவனை நாம் மனிதனாகவே மதிப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைப் பிரித்தேன். பக்கம் முழுவதும் ஆங்கிலம். தீவின் பெயருக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் மட்டும் பொடி எழுத்தில் தமிழ்: "சேவியர் மேலே இருந்தார். திருப்பியது நான். அவர் வழுக்கவில்லை."

அரை அங்குலக் கட்டம். அவருடைய நேர்மைக்கு அவ்வளவு இடம்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் வாயால் பொய் சொன்ன மனிதருக்கு லாக் புத்தகத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. ஐரோப்பா முழுவதையும் விட்டுக்கொடுத்து, கிழக்கே பார்த்தபடி பத்து வருஷம் ஒற்றைத் திசையில் பேசிச் செத்திருக்கிறார். அதற்குப் பதில் ஒரு கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றிருக்கலாம். கோழை! அந்தக் கோபத்தோடே அங்கே உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் லாக்கில் எழுதி வைத்தால் மட்டும் தொடர்பு செல்லாது. எதிர்ப்பக்கம் உள்ளவரும் ஆமாம் என்று எழுதி அட்டை அனுப்ப வேண்டும். இந்த அஞ்சலியை அந்த அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். வரதன் சார், நீர் எழுதியது சரி. நான் மேலே இருந்தேன். திருப்பியவர் நீர். நான் வழுக்கவில்லை. செயலாளர் அந்தப் பக்கத்தின் நகலை அவர் புகைப்படத்துக்குப் பக்கத்தில் போடட்டும். ஜெயம்மா சரி என்று சொல்லிவிட்டார்.

ரொட்டேட்டரைக் கேட்டவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றச் சாமான்களும் வேண்டியவர்களுக்குப் போகட்டும். நான் வைத்துக்கொண்டது ஃபியூஸ் ஒன்றுதான். டவரை இறக்க ஏறியபோது அது என் சட்டைப் பையில் இருந்தது. இனி யாருடைய டவரில் ஏறினாலும், அவர்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கி அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன்.