காய் பேசணும்

சேவுகம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, காது மடலில் நரைத்த முடி. யாரிடம் பேசினாலும் ஒரு காயைக் காதோரம் பிடித்துச் சுண்டிக்கொண்டே இருப்பார்.

வியாபாரிகளுக்கான வீடியோ கால் மென்பொருள் எழுதுவது என் வேலை. அவருடைய புகாரைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து போயிருந்தேன்.

“படம் நல்லாத்தான் தெரியுது தம்பி. ஆனா இதுல பேச ஆரம்பிச்சதுலருந்து பம்பாய்க்காரரு காய் வேணாங்குறாரு.”

அவர் பேசிய ஒரு வீடியோ காலைப் பக்கத்திலிருந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் போனருகே காயைச் சுண்டிக் காட்டுகிறார். பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் மென்பொருள் இரைச்சலென்று வடிகட்டிவிடுகிறது. பம்பாய்க்காரருக்கு விரல் அசைவது மட்டும்தான் தெரிகிறது.

“நீங்க பேசுறது தெளிவாக் கேக்கணும்னுதாண்ணே அப்படி வச்சிருக்கோம்,” என்றேன்.

“நான் பேசுறத எவன் நம்புறான்? காய்தான பேசணும்!”

வடிகட்டியை அணைத்தேன். அவர் மறுபடி சுண்டினார். மறுமுனையில் கேட்ட பம்பாய்க்காரர் அன்றைக்கே லோடு அனுப்பச் சொன்னார்.

கிளம்பும்போது என்னிடம் இரண்டு காய்களை நீட்டி, எது முற்றல் என்று கேட்டார். சுண்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் இரைச்சலாகத்தான் கேட்டன.