இரண்டே நிமிடம் மாட்டிப் பார்க்கலாம்

காதில் மாட்டும் சாமான் விற்கிறவளுக்கு முதலில் வேண்டியது, எதையும் லேசில் நம்பாத காது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாட்பாரத்தில், ஸ்வெட்டர்களுக்கு நடுவே இயர்போன் தொங்கவிட்டு ஆரம்பித்தவள் நான். முதல் கொள்முதலிலேயே கோயமுத்தூர் வியாபாரி ஒருவர், ஒரு காதில் மட்டும் பாடுகிற இயர்போனாகப் பார்த்து ஒரு பை நிறைய என் தலையில் கட்டினார். அந்தப் பையை வைத்துக்கொண்டு முழித்த நாளில்தான் எனக்குப் பேரம் பேசவும் வந்தது, கோபமும் வந்தது. இன்றைக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது. பாட்டுக் கேட்கிற ஹெட்போன், கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு மைக் வைத்த ஹெட்செட் என்று சாமான் பெருகியிருக்கிறது. கூடவே என் சந்தேகமும். கடை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். வாங்க வருகிறவர்கள் படித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

குல்லாவுக்கு வாங்கியவர்

எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் கம்பளிக் குல்லாவோடு வந்தார். ஹெட்போனைக் குல்லாவுக்கு மேலேயே மாட்டினார், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், "கச்சிதமா இருக்குதுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, குனிந்தால் கழன்று விழுகிறது என்றார். மூன்று நாளில் ஒரு ஹெட்போன் இப்படித் தொளதொளக்குமா? வீட்டில் ஆளாளுக்கு மாட்டி இழுத்திருக்கிறீர்கள் என்று கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன்.

அவர் பாக்கெட்டில் இருந்த குல்லாவை எடுத்துப் போட்டு, அதற்கு மேல் ஹெட்போனை மாட்டினார். கச்சிதமாக நின்றது. குல்லாவைக் கழற்றினார், தோளில் விழுந்தது. விற்றபோது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் வாயை மூடுவதற்குள் அவர் கேட்டார்: "ஏனுங்க, குளுருக்குப் போட்ட குல்லாங்க அது. பாட்டுக் கேக்கறதுக்காக ஊட்டுக்குள்ளயும் போட்டுட்டே திரியோணுமுங்களா?"

சுவர்க் கடிகாரம்

கோத்தகிரி ரோட்டில் வாடகைக்கு வீடு எடுத்து, கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மணி நேரம் ஐந்து மாடலை மாற்றி மாற்றி மாட்டிக் கண்ணை மூடி ரசித்தார்கள். "யோசிச்சுட்டு வர்றோம்" என்றார்கள். புருஷன்காரன் பெட்டியின் அடியைத் திருப்பி, மாடல் நம்பரைச் செல்போனில் படம் எடுத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் வந்தான். ஆன்லைனில் வாங்கிய அதே மாடல் கழுத்தில் தொங்குகிறது! இதற்கு ஒரு எக்ஸ்ட்ரா ஒயர் கிடைக்குமா என்று என்னிடமே கேட்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்றைக்கே சுவரில் பெரிய கடிகாரம் மாட்டினேன். குல்லாவைக் கழற்ற வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் மாட்டிப் பார்க்கக் கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். கடையில் என்னோடு இருக்கிற ஸ்டெல்லா அக்கா முன்பு சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி அட்டையை இரண்டு தடவை படித்தார். "ஏன் கமலா, செருப்புக் கடையில கூட நாலு எட்டு நடந்து பாக்க விடுவாங்களே!"

பஸ் ஓட்டுகிறவர்

இந்தச் சமயத்தில்தான் ஜோசப் என்று ஒரு தம்பி வந்தார். ஊட்டியில் கேமிங் சென்டர் திறக்கிறார், பதினான்கு ஹெட்செட் வேண்டும், சனிக்கிழமை பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மலை இறங்கி, கோயமுத்தூரில் ஐந்து கடை ஏறி, தொண்டை வற்றப் பேரம் பேசி, குண்டுக் குஷன் வைத்த கறுப்பு ஹெட்செட் பதினைந்து வாங்கிவந்தேன். பதினான்கு அவருக்கு, ஒன்று கடையில் காட்ட. விற்ற சாமான் வாபஸ் கிடையாது என்று அதை விற்ற வியாபாரி கறாராகச் சொல்லிவிட்டார். ஜோசப் தம்பி வேண்டாம் என்றால், அத்தனையும் என் அலமாரியிலேயே பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பூசணம் எதையும் விடாது.

புதன்கிழமை போஜண்ணா வந்தார். மஞ்சூர் பக்கம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், தடித்த கண்ணாடி. இப்போது வீட்டில் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற கேம் விளையாடுகிறாராம். இஞ்சின் சத்தம் வீட்டுக்காரம்மாவுக்கு ஆகவில்லையாம். கறுப்பு ஹெட்செட்டைக் காட்டி, அரை மணி நேரம் மாட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் வேறு குறித்தார். எந்தக் கடைக்காரன் அனுப்பிய உளவாளியோ என்று எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது நிமிடம் முடிந்ததும் தலையிலிருந்து நானே கழற்றினேன். "அரை மணி நேரம் மாட்டி என்னங்கண்ணா பாக்கப் போறீங்க? பஸ்ஸா ஓட்டப் போறீங்க?" என்று கேட்டும்விட்டேன்.

அவர் நோட்டை நிதானமாக மூடினார். "அம்மிணி, சீட்டு நல்லா இருக்குதான்னு ஸ்டாண்டுல உக்காந்து பாத்தாத் தெரியாது. பதினாலாவது கொண்டை ஊசி வளைவுல தெரியும்."

அக்காவின் கண்ணாடி

அந்த வார்த்தை என்னை விடவில்லை. மறுநாள் மத்தியானம், மழைக்கு ஆள் வராத நேரத்தில், ஹெட்செட்டை ஸ்டெல்லா அக்காவுக்கு மாட்டி, செல்போனில் அவருக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டு உட்காரவைத்தேன். பத்து நிமிடம் ஆனந்தமாகத் தாளம் போட்டார். பதினைந்தில் தாளம் நின்றது. இருபதில் பிடுங்கிக் கீழே வைத்தார். கண்ணாடிக் காம்பு பதிந்து, காதுக்கு மேலே சிவப்பாகக் கோடு.

குஷனை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கோயமுத்தூர் வெயிலில் இதே குஷன் அப்போதுதான் எடுத்த இட்லி மாதிரி இருந்ததே! அங்கே அந்தச் சூட்டில், அதுவும் அவசரமாக இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்து, இந்தக் குளிரில் இறுகிப்போகும் என்று யோசிக்காமல் வாங்கி வந்திருக்கிறேன். யார் ஏமாற்றினார்கள் என்று ஒவ்வொரு முகமாக யோசித்தேன். அக்கா காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவ ஒருத்தரும் உன்ன ஏமாத்தல கமலா, நீயேதான்."

சனிக்கிழமை

ஜோசப் தம்பி வந்தார். மாட்டினார், இரண்டு நிமிடம் ஆயிற்று, "சூப்பருங்க்கா, பேக் பண்ணிருங்க" என்றார். பேசாமல் கட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அங்கே விளையாட வருகிற கண்ணாடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் காதைத் தேய்த்துக்கொண்டு, இது எந்தக் கடைச் சாமான் என்று கேட்பார்களே? ஒரு பை நிறைய ஒற்றைக்காது இயர்போனோடு நின்றவளுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவின் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டி, அதற்கு மேல் ஹெட்செட்டை மாட்டினேன். "எதுக்குங்க்கா இது?" என்று எழுந்தவரைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தேன்.

இருபதாவது நிமிடம் அவரும் பிடுங்கினார். நான் குறையைச் சொன்னேன். ஒரு வாரம் கொடுங்கள், சரி பண்ணுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை. "விக்கறவங்களே சாமானக் கொறை சொல்லி நான் பாத்ததில்லீங்க்கா. உள்ள வெல ஜாஸ்தியா வேற ஐட்டம் வெச்சிருக்கறீங்களா?"

நாற்காலி

மறுபடி கோயமுத்தூர் போய் அந்த வியாபாரியோடு மல்லுக்கட்டினேன். சாமானை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் துணி உறை போட்ட மெத்தென்ற குஷன் பதினைந்து ஜோடி கறந்துகொண்டுதான் நகர்ந்தேன். தலையை இறுக்குகிற வளையம் தளர, ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டிமேல் அகட்டி மாட்டி ஐந்து நாள் வைத்தோம். அடுத்த சனிக்கிழமை போஜண்ணாவுக்குச் சொல்லி அனுப்பினேன். திட்டி அனுப்பியவள் கூப்பிடுகிறாளே என்று சந்தேகப்பட்டிருப்பார். ஆனாலும் நோட்டோடு வந்தார். ஜோசப் தம்பி கடிகாரத்துக்குக் கீழே கை கட்டி நின்றார். இவர் தாங்கினால் பதினான்கையும் எடுக்கிறேன், இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பதினைந்து நிமிடம். இருபது. போஜண்ணாவின் கை காது பக்கம் போனது. பிடுங்கப்போகிறார் என்றே நினைத்தேன். கை நேராக முன்னால் வந்து, இல்லாத ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பியது. அரை மணி தாண்டியும் அவர் இறங்குகிற வழியாக இல்லை. ஜோசப் தம்பியே பெட்டிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணியில் கழற்றி, நோட்டில் குறித்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைத் தனக்குக் கட்டச் சொன்னார் போஜண்ணா. "சொகமாத்தான் இருக்குது அம்மிணி. ஆன்லைன்ல இதே சாமான் இருநூறு ரூவா கம்மி, போன வாரமே பாத்து வெச்சுட்டேன். ஆனா அங்க உக்காந்து பாக்க நாற்காலி போடலியே!"

அட்டையைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியைக் கடை வாசலிலேயே போட்டிருக்கிறேன், ஆனால் அதில் ஹெட்போனோடு உட்காருகிறவர்களில் பாதிப் பேர் மேடேறி வந்த கால்வலிக்குத்தான் உட்காருகிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.