பிரிக்கப்படாத பலகாரத் தட்டு

நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்தச் சம்பவம் ஒஸ்லோவில் நம்மவரிடையே பல வாய்கள் மாறிவிட்டது. நாங்கள் நீதிபதிக்குத் தங்கச் சங்கிலி கொடுத்ததாக ஒருவர் என்னிடமே கூறியிருக்கிறார். கொடுக்கப்பட்டது ஒரு தட்டு முறுக்கும் பயத்தம் பணியாரமும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் வரிசை வீடொன்றை வாங்கிக் குடியேறியிருந்தோம். என் மனைவியின் தாயாரான மாமியும் எங்களுடன் இருந்தார். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில், ஒஸ்லோ நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பெண்மணி ஒருவர் தனியாக வசித்தார். வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நெடுங்காலம் வாதாடிய பின்னரே நீதிபதியானவர். பதவி ஏற்றதும் தாம் உறுப்பினராக இருந்த சங்கங்கள் அனைத்திலிருந்தும் விலகிவிட்டதாக, வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். அயலவர் கூடும்போது எவரேனும் ஒரு வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், கோப்பி எடுக்கப்போவதுபோல் எழுந்துவிடுவார். ஆனால் தீபாவளிக்கு மாமி கொடுக்கும் பலகாரத்தை அவர் மறுத்ததில்லை. தட்டு திரும்பி வரும்போது அதில் அவர் சுட்ட வாஃபல் அப்பம் இருக்கும்.

ஒஸ்லோவின் வெஸ்ட்லி பகுதியில் வசித்த என் மச்சான், அதாவது மாமியின் மகன், டாக்ஸி ஓட்டினார். மழை நாளொன்றில் சந்தியில் சைக்கிள்காரர் ஒருவர்மீது மோதிவிட்டார். சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்பது குற்றச்சாட்டு. பச்சைதான் எரிந்தது என்பது அவர் பக்கம். அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் இருந்தது. வழக்கு முடியும்வரை வேலையில்லை. தோற்றால் அந்தத் தொழிலே இல்லை.

விசாரிக்கப்போகிறவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் என்பது, சட்டத்தரணி தொலைபேசியில் பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது. மச்சான் எங்கள் உறவினர் என்பது நீதிபதிக்குத் தெரியாது.

"பக்கத்து வீட்டம்மாவே! முருகன் எங்களைக் கைவிடேல்லை" என்றார் மாமி.

"மாமி, இதைப் பற்றி அவவோட ஒண்டும் கதைக்கக்கூடாது."

"எனக்கென்ன விசரே தம்பி? அவவின்ர பாஷை எனக்கெங்கை வரப்போகுது?"

விசாரணை நாள் காலையில் கதவைத் திறந்தபோது, வெள்ளித்தாள் பிரிக்கப்படாமல் எங்கள் பலகாரத் தட்டு வாசற்படியில் இருந்தது.

"நேற்றுப் பின்னேரம் நான்தான் குடுத்தனான்" என்றார் மாமி. "ஒரு அலுவலாப் போறம், வெறுங்கையோட போறதே?"

"கதைச்சனீங்களோ?"

"என்னத்தைக் கதைச்சன்? பிள்ளையின்ர படத்தைக் காட்டி 'ஸ்னில் குட்' எண்டனான். வேறை ஒண்டுமில்லை."

'நல்ல பையன்' என்று பொருள். மாமிக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழி ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் நீதிபதி எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அமர்ந்ததும், முதல்நாள் மாலை குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார் உணவுப்பொருளுடன் தம் வீட்டுக்கு வந்ததையும், படத்தைக் காட்டி மகன் நல்லவன் என்று சொன்னதையும், அது வழக்குக் கோப்பில் கண்ட முகம் என்று தாம் அறிந்ததையும், தட்டைப் பிரிக்காமல் திருப்பி வைத்ததையும் குரல் உயர்த்தாமல் கூறினார். இவ்வழக்கைத் தாம் இனி விசாரிக்க முடியாது என்றார். முன்னால் இருந்த மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த சிலரும் பார்த்தார்கள். அங்கே சேலை உடுத்தியிருந்தவர் மாமி மட்டுமே. அந்தக் கணத்தில், அவரை அழைத்துவந்தவன் நானல்ல என்பதுபோல், ஓர் இருக்கை தள்ளி அமர்ந்தேன்.

"என்னவாம் தம்பி?" என்று குனிந்து கேட்டார் மாமி.

"திகதி மாத்தினமாம்" என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மச்சான் அலுவலகங்களைத் துப்புரவு செய்து பிழைத்தார். வசந்தத்தில் வேறொரு நீதிபதி அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தார். அடுத்த வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவே. தீபாவளி வந்ததும் மாமி தட்டை எடுத்தார். நீதிபதிக்குச் சீனி வருத்தம், இனிப்புக் கொடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டேன். மாமி தட்டைத் திரும்ப அலுமாரியில் வைத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பொய்யே போதுமாயிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து நீதிபதி ஓய்வு பெற்றார். அந்த வாரமே வாஃபல் நிறைந்த தட்டோடு எங்கள் வாசலில் நின்றார். இனித் தமக்கு எவருடைய வழக்கும் இல்லை என்று சிரித்தபடி சொன்னார். மாமி உள்ளே போய்ப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். நீதிபதி வாசலில் நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தார். மா உதிர்ந்து அவர் கம்பளிச் சட்டையெல்லாம் கொட்டியது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பென்சனோட சீனி வருத்தமும் போயிட்டுதாக்கும். என்ன தம்பி?"

நான் வாஃபல் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மாமி இப்போது இல்லை. ஒரு தாய் பலகாரத்தோடு அடுத்த வீட்டுக்குப் போனதற்காக நான் பட்ட வெட்கம், அந்தப் பார்வைக்குப் பிறகு என்னுடையதாகவே தங்கிவிட்டது. அந்தத் தட்டினால்தான் நீதிபதி வழக்கிலிருந்து விலகினார் என்பதை அவரிடம் சொன்னது யார், எத்தனை ஆண்டுகள் அதை அறிந்தும் அறியாதவர்போல் எனக்காக இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அன்று நான் ஓர் இருக்கை தள்ளி அமர்ந்ததை அவர் கண்டாரா என்பதும் தெரியாது.