கோரன் வாயைத் திறந்தபோது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கோகுல்நாத்துக்கு வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் வீடியோ கேம்களை வெளியாகுமுன் ஆடிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று எழுதி அனுப்ப வேண்டும். டெஸ்டர் என்று பெயர். விளையாடுவதற்குச் சம்பளமா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஒரே பாலத்தை நானூறு தடவை குதித்துத் தாண்டுவது விளையாட்டு என்றால் செங்கல் சுமப்பதும் விளையாட்டுதான்.

அப்பா கங்காதரனும் அந்தக் கட்சிதான். ஆவடி ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரியில்லை என்று எழுதிய சாமான் கேட்டைத் தாண்டாது. "நீ எழுதினா நிறுத்துவானா?" என்று மகனை ஒரு தரம் கேட்டார். மாட்டான் என்று சொல்ல மனசு வராமல், ஆட்டம் முடிந்ததும் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் டிவியில் ஓடும், அதில் தன் பெயரும் வரும் என்றான் கோகுல். "வந்தா காட்டு," என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆறு வருஷம் ஓடியது. பெயர் வரவில்லை. வெளியில் கொடுத்து வாங்கும் வேலைக்குப் பெயர் போடும் வழக்கம் பல கம்பெனிகளில் இல்லை.

ஏழாவது வருஷம் வந்தது 'ஐயன் ரிவர்'. வந்த அன்று சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவனும் எதிர் பிளாக் தேவாவும் ஸ்கூலுக்கு மட்டம் போட்டு பிரவுசிங் சென்டரில் ஆடிய ஆட்டம் அது. அதில் கோரன் என்று ஒரு படகோட்டி. ஏழு பாகத்திலும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் துடுப்பை ஊன்றி நிற்கும் நிற்பிலேயே பையன்களுக்கு எல்லாம் புரியும். தேவா இன்று அந்த ஆட்டத்துக்கென்றே யூடியூப் சேனல் நடத்துகிறான், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். அவனிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று ஆபீசில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வந்தது எட்டாம் பாகம் அல்ல, கிளைக்கதை. அதில் கோரன் பேசினான். சும்மா பேசவில்லை, வளவளவென்று பேசினான். முதலையைக் கொன்றுவிட்டு ஜோக் அடித்தான். கலர் கலராகத் தொப்பி போட்டுக்கொண்டான், ஒவ்வொரு தொப்பிக்கும் தனி விலை. கோகுலுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வேகத்தில் எந்த டெஸ்டரும் செய்யாத ஒன்றைச் செய்தான். பாலத்தில் கால் புதைகிறது, கதவு திறக்கவில்லை என்ற குறைகளோடு குறையாக, 'கோரன் பேசுகிறான்' என்றும் எழுதி, மிகக் கடுமையான பிழை என்று குறித்து அனுப்பினான்.

மறுநாளே பதில் வந்தது. அது பிழையல்ல, திட்டமிட்டது. பிழையைப் பார், கருத்துச் சொல்லாதே. டீம் லீட் ஷர்மிளா அதைப் பெரிய திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள். பாலத்தில் கால் புதைவதைச் சரிசெய்யவும் நேரமில்லை என்று பதில் வந்தது. ஆனால் இந்தத் தடவை பெயர் போடுகிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அவள் சிரித்ததையெல்லாம் கோகுல் மறந்தான்.

ஆட்டம் வெளியானது, உலகமே காறித் துப்பியது. கோரனை ஏன் பேச வைத்தீர்கள் என்று எல்லா ஊரிலும் ஒரே கேள்வி. வெளியான மூன்றாம் நாள் சாயங்காலம் தேவா லைவில் ஆட்டத்தை ஆடி முடித்தான். பெயர்கள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தினான். விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

"மாமே, இங்க பாரு. கோகுல்நாத் கங்காதரன். நம்ம ஆவடி ஆளு, எங்கூட ஒண்ணா வெளாண்டவன். இவன்தான் பாத்து ஓகே பண்ணிகீறான்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. எய்தவன் ஏழு கடலுக்கு அப்பால் இருந்தான், அம்பு ஆவடியில் இருந்தது. இரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் வசவு. அம்மா வசந்தாவையும் விட்டுவைக்கவில்லை. அந்த வீடியோவைத் தேவாவின் சேனல் அதுவரை காணாத கூட்டம் பார்த்தது.

கோகுல் போன் செய்தான். நான் எழுதித்தான் கொடுத்தேன், அவர்கள் கேட்கவில்லை என்று சொன்னான். தேவா வருத்தப்படவில்லை. "அத்த நீ லைவ்ல வந்து சொல்லு மச்சான். சும்மா பிச்சிக்கினு போவும்," என்றான். சொன்னால் வேலை போகும், கேசும் வரும் என்பது தேவாவுக்குத் தெரியாததல்ல. கோகுல் போனை வைத்தான். கோரன் பேசியதுகூட அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி பணிந்தது. ரசிகர்களின் குரலுக்குச் செவிசாய்த்தோம் என்று அறிக்கை விட்டு அப்டேட் அனுப்பியது. அதில் கோரன் ஊமையாகிவிட்டான். நன்றி சொன்ன சேனல்களின் பட்டியலில் தேவாவின் சேனலும் இருந்தது. 'ஜெயிச்சிட்டோம் மச்சான்' என்று கோகுலுக்கே மெசேஜ் போட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாராட்டும் ஓரிடம் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காதரன் மூக்குக்கண்ணாடியோடு டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகனின் பெயரும் தன் பெயரும் ஏதோ வீடியோவில் வந்ததாகக் கீழ் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வசவை அந்த மனிதர் சொல்லவில்லை. "பேர் வந்துச்சாமே. காட்டுடா," என்றார்.

கோகுல் ஆட்டத்தை டிவியில் போட்டான். எத்தனை வசவு வந்தாலும் பெயர் பெயர்தானே என்று பெயர்ப் பட்டியலை ஓடவிட்டான். கங்காதரன் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்தார். வரைந்தவர்கள் போனார்கள், இசையமைத்தவர்கள் போனார்கள். டெஸ்டர்கள் இருந்த இடத்தில், ஊழியர் பாதுகாப்பு கருதிப் பெயர்கள் நீக்கப்பட்டன என்று ஒரு வரி. அதுவும் அதே அப்டேட்டில் வந்ததுதான். பட்டியல் முடிந்து பழையபடி ஆறும் பாலமும் வந்தன. கோகுல் கையிலிருந்த கன்ட்ரோலரை அழுத்தினான்; கோரன் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போய்ப் பாலத்தில் முழங்கால் வரை புதைந்தான்.

"எங்கடா, காணோம்?"

பெயர் ஏன் வந்தது, ஏன் போனது என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மாவைத் திட்டியதையும் சொல்ல வேண்டும்.

"அது வேற கோகுல்நாத்துப்பா," என்றான்.

கங்காதரன் நம்பிவிட்டார். "நானும் அதான் நெனச்சேன். பாலத்துல கால் உள்ள போவுது, இத எவன் பாஸ் பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார்.