அந்தக் கரகரப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் என் பிழைப்பு. வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பேன். முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் டீக்கடையில் ஒரு தே தாரிக் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

போன வருடம் ஒரு சோவியத் நடிகரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. மாதம் ஒன்றாக நான்கு பாகம். அவருடைய நாட்குறிப்பை அவரே வாசிப்பதுபோல நான் பேச வேண்டும். ஆலைத் தொழிலாளியின் மகன். போரில் காலில் குண்டடி பட்டு, சிற்றூர் நாடக மேடைக்கு வந்து, அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர். இருபது வருடமாக அவருக்குச் சிப்பாய் வேடம்தான். நிஜப் போரில் பிழைத்தவனைப் படத்துக்குப் படம் சாகடிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தார். ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

முதல் பாகம் பதிவு செய்த அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இயக்குநர் என் மகள் வயதுப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அங்கிள், அந்தக் கரகரப்பு செம லா! அப்படியே மெயின்டேன் பண்ணுங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் தொழிலில் முதல் பாகத்தில் எந்தக் குரலோ கடைசிவரை அதே குரல்தான். நடுவில் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி பேச வேண்டும்.

ஒரு மாதமாகியும் தொண்டை சரியாகவில்லை. கிள்ளானில் வீட்டுக்குப் போனால் மனைவி ஒரே பாட்டு. "கிளினிக் போங்க லா. மருந்து சாப்பிட்டா ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

சரியாகிவிடுமே என்பதுதான் என் பயம். "முடிச்சிட்டுப் போறேன்" என்றேன். அவள் வைத்துத் தந்த அதிமதுரக் கஷாயத்தைக்கூடத் தெரியாமல் கொட்டினேன். வந்த நோயை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த முட்டாள் வேறு எவனும் இருக்கமாட்டான்.

மூன்றாம் பாகத்தில்தான் தெரிந்தது, நடிகருக்கும் தொண்டையில்தான் புற்று வந்திருக்கிறது. டாக்டர் கொடுத்த கடிதத்தை மேல்கோட்டில் ஒளித்துக்கொண்டே படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார். கடைசிப் படத்தில் அவர் வாயசைக்க, வேறொருவர் பேசியிருக்கிறார். அந்தக் காட்சியைத் திரையில் ஓட்டினார்கள். உதடு அவருடையது, குரல் யாருடையதோ. ஏசி அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அதைப் பற்றி அவர் எழுதியதை ஒரே டேக்கில் பேசி முடித்தேன். வெளியே கை தட்டினார்கள். எரிச்சலாக வந்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

அப்போதாவது போயிருக்கலாம். இன்னும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். சோறு விழுங்கினால் காதுவரை வலித்தது. ஒருநாள் காலையில் எச்சில் சிவப்பாக இருந்தது. வெற்றிலை போட்டேன் என்று மனைவியிடம் புளுகினேன்.

நான்காம் பாகம் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா அங்கிள்?"

"நாலு பாகமா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பரிசோதனை முடிவுகள் வந்ததும், குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார். முதல் மாதமே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மனைவி கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். "ஏதாச்சும் பேசுங்க."

"அதான் படத்துல மணிக்கணக்கா பேசியிருக்கேனே."

"அது அந்த ஆளு பேச்சு. எனக்கு ஒன்னு பேசுங்க."

முப்பது வருடமாக யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் பேசியிருக்கிறேன். அவளே சொல்லிக் கொடுத்தாள். "தெனம் வேலை விட்டு வந்து வாசல்ல நின்னு சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க."

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பாதியில் உடைந்தது.

"நான்தான். கதவைத் தொற."

மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. அவள் பதிவை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.