உள்ளேயே எடுத்த நகல்

என் கணவர் இறந்த இருபதாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் கேட்டாள். "ம்மா, அப்பா வாய்ஸ் எல்லாம் அந்த லேப்டாப்லதானே இருக்கு? என் போன்ல போட்டுத் தர்றியா?"

தருகிறேன் என்றேன். தில்லியில், இந்தத் துவாரகாவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் வாசிக்கத் திணறுவாள். அவளுக்காக அவர் ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தார். அதில் அவர் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்வார், அவள் அதைக் கேட்டுத் திரும்ப வாசிப்பாள். வீடியோ என்றாலே நழுவிவிடும் மனிதர். அவர் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான்.

அந்த ஆப் ஒரு கன்டெய்னரில் ஓடியது. கணினிக்குள் தனியாக ஓடும் குட்டிக் கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீக்கினால் உள்ளே இருப்பதும் போய்விடும். அதனால் முக்கியமான கோப்புகள் வெளியே ஒரு ஃபோல்டரில் சேரும்படி இணைத்து வைப்போம். அவர் இணைக்கவில்லை. இதே தப்புக்காக ஆபீஸில் ஜூனியர்களை வறுத்தெடுத்திருக்கிறேன். அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வரவில்லை.

ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள், கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை வழியாக நுழைந்தேன். நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன. ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. புது ஃபோல்டர் உண்டாக்கி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. பிறகு ஆபீஸில் செய்வது போலவே வெளியே வந்து, ஏற்கனவே ஓடுவதில் வெளி ஃபோல்டரை இணைக்க முடியாது என்பதால் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டு, புதியதை ஒழுங்காக வெளி ஃபோல்டரோடு இணைத்து ஓடவிட்டேன். கை தானாகச் செய்தது.

பதிவுகளைப் புதியதில் போடலாம் என்று தேடினேன். லேப்டாப்பில் எங்கும் இல்லை. வெளியே வருவதற்கு முன்பே நகலெடுத்திருந்தேன். அந்த நகலும் கன்டெய்னருக்கு உள்ளேயே இருந்து, அதோடு சேர்ந்து போய்விட்டது. அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. டீ போட்டுக் குடித்தேன்.

மாலையில் பள்ளியிலிருந்து வந்தவள் வாசலில் நின்றபடியே கேட்டாள். "கெடச்சுதா?"

"இல்லடி. அம்மா தெரியாம அழிச்சிட்டேன்."

"ஸப்? எல்லாமேவா?"

"எல்லாமே."

எரிந்து விழுவாள் என்று காத்து நின்றேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா இருந்தா எப்படியாவது எடுத்துக் குடுத்திருப்பார், இல்ல?"

"ஆமா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. குனிந்து அவள் ஷூவைக் கழற்றிவிட்டேன்.